காற்றை முன்னின்று வாங்குவோர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று அவரையே கேட்டேன். "உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார். எனக்கு நன்றாகத் தெரிந்தவை என்று நான் நம்பியிருந்தவை இரண்டு. ஒன்று சைக்கிள், மற்றொன்று என் வீடு. வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது மிகக் குறைவு என்பதைச் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

திருவண்ணாமலை என்று சொன்னால் வெளியூர் நண்பர்களுக்குக் கார்த்திகை தீபமும் கிரிவலமும் நினைவுக்கு வரும். நான் பிறந்த திருவண்ணாமலை அதுவன்று. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே நான்கு கிலோமீட்டர் தொலைவில், சிறு குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் நிற்கும் திருவண்ணாமலை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுற்றுவட்டாரமே திரண்டு வந்து படியேறும். ஏனைய நாட்களில் மலையும் நாங்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த அடிவாரத்திலிருந்து ராஜபாளையத்துக்கு, மில்லில் கணக்கெழுதும் வேலைக்கு, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நான் சைக்கிளில் போய் வந்தவன்.

ஆடி மாதம் வந்தால் அந்தப் பதினைந்தும் முப்பதாகிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் தென்மேற்கே இருக்கிறது. காற்றும் அங்கிருந்துதான் வரும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்ததை நான் பார்த்ததில்லை; ஒல்லியான ஒரு கணக்கன் சாலையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டதை அறிவேன். முதல் ஷிப்டுக்குப் போகிற தொழிலாளர்கள் சங்கு ஊதுமுன் போய்ச் சேரவேண்டும் என்பதால் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து ஒரே கோடாகப் போவார்கள். நான் தனியாகத் திணறுவதைப் பார்த்த ஒரு பெரியவர், "தம்பி, என் பின்சக்கரத்தைப் பிடிச்சுக்க. காத்தை நான் வாங்கிக்கிறேன்" என்றார். அவருடைய முதுகுக்குப் பின்னால் போனதும் காற்று நின்றதுபோல் இருந்தது. சிறிது தூரம் சென்றதும் அவர் ஒதுங்கிப் பின்னால் வந்துவிட்டார். அடுத்தவர் முன்னே போனார். என் முறையும் வந்தது. முன்னே போய் நூறு மிதி மிதித்ததும் மூச்சு வாங்கியது. அதற்குள் எனக்குப் பின்னாலிருந்தவர் என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டுத் தாம் முன்னே போனார். இதற்கு யாரும் விதி எழுதி வைக்கவில்லை. முன்னே போனவர் எத்தனை நிமிடம் போனார் என்று யாரும் எண்ணவும் இல்லை. ஆனால் ஒருவரே முழுத் தூரமும் முன்னே போனதாக எனக்கு நினைவில்லை.

அந்த நாளில் பிழைப்புக்காகச் சைக்கிள் ஓட்டியவர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஊர்ப் பொட்டலில் ஒரு கம்பம் நட்டு, ட்யூப்லைட் கட்டி, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு, ஒருவர் ஏழு நாள் இறங்காமல் சைக்கிளில் சுற்றுவார். குளிப்பது, சாப்பிடுவது, சட்டை மாற்றுவது எல்லாம் ஓடும் சைக்கிளின்மேல். இரவில் பல்லால் ஒரு குடத்தைத் தூக்குவார். மார்பில் ட்யூப்லைட்டை உடைத்துக்கொள்வார். சனங்கள் அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். என் பத்தாவது வயதில் எங்கள் ஊருக்கு அப்படி ஒருவர் வந்தார். ஏழு நாளும் பள்ளி விட்டதும் அங்கேதான் கிடந்தேன். அவருடைய முகம் இன்று எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பது அவருடைய மனைவி. பொட்டலின் ஓரத்தில் மூன்று கல் கூட்டி, இடுப்பில் ஒரு பிள்ளையோடு சோறு பொங்குவார். பொங்கி முடித்ததும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஓடும் சைக்கிளோடு கூடவே ஓடிப் பிசைந்து கொடுப்பார். தண்ணீர்ச் செம்போடும் அப்படியே ஓடுவார். ஏழு நாளில் அவர் எத்தனை சுற்று ஓடினார் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. எட்டாம் நாள் மாலை ஊர்ப் பெரியவர்கள் அவருடைய கணவருக்கு மாலை போட்டுக் கைதாங்கலாக இறக்கினார்கள். அந்த அம்மாள் அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். இத்தனை ஆண்டும் இந்தக் காட்சி என்னிடம் இருந்தது. இதை வைத்து நான் ஒரு கவிதைகூட எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஓய்வு பெற்றபின் எனக்கு ஒரு புதிய பழக்கம் வந்தது. ஜூலை மாதம் முழுவதும் பிரான்சு தேசத்துச் சைக்கிள் பந்தயத்தை, முதலில் தொலைக்காட்சியிலும், பிறகு மகன் வாங்கித் தந்த கைபேசியிலும் பார்ப்பது. அந்தப் பந்தயத்தை 1903ஆம் ஆண்டு ஒரு செய்தித்தாள் தன் விற்பனையைப் பெருக்குவதற்காகத் தொடங்கியது. அத்தாள் மஞ்சள் தாளில் அச்சானது. முன்னணியில் இருப்பவருக்கு 1919 முதல் மஞ்சள் பனியன் அணிவிக்கிறார்கள். இன்று 21 நாள் ஓட்டம், இடையில் இரண்டு நாள் ஓய்வு, மொத்தம் மூவாயிரத்து சொச்சம் கிலோமீட்டர். 2024இல் குழுவுக்கு எட்டுப் பேராக 22 குழுக்கள், 176 பேர் புறப்பட்டார்கள். அங்கே மாலை ஐந்தரைக்கு ஓட்டம் முடியும்போது இங்கே இரவு ஒன்பது மணி. ஆறு மணிக்கு உட்கார்ந்தால் சரியாக இருக்கும். ஆண்டாளின் ஆடிப்பூரத் தேர் ஓடுகிற பருவமும் ஏறத்தாழ அதுதான். வெளியே ஆடிக்காற்று தென்னையை ஆட்டும். உள்ளே நான் ஆல்ப்ஸ் மலையில் இருப்பேன்.

மூன்று மணி நேரம் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்காத நண்பர் இல்லை. உண்மையில் பெரும்பாலான நேரம் ஒன்றும் நடப்பதில்லை. சூரியகாந்தி வயல், கல் பாலம், மாதாகோயில் கோபுரம், ஒரு பெரிய திரளாகப் போகும் சைக்கிள்கள். முதல் ஆண்டு எனக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒருநாள், வரிசையாகப் போன ஒரு குழுவில் முன்னே போனவர் ஒதுங்கிப் பின்னால் வந்ததைப் பார்த்தேன். சட்டென்று ராஜபாளையம் சாலை கண்ணெதிரே வந்தது. இவர்களும் காற்றைத்தான் பங்கிடுகிறார்கள்! ஒருவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும் என்கிறார்கள். மில் பெரியவர் அறிந்திருந்த அதே கணக்கு.

ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. மில் சாலையில் எல்லோரும் முறை வைத்து முன்னே போனோம். இங்கே குழுவில் ஒருவர் தலைவர். மற்ற ஏழு பேரும் அவருக்காகக் காற்றை வாங்குகிறவர்கள். அவர்கள் பின்னால் வரும் குழுவின் காருக்குச் சென்று, ஏழெட்டுத் தண்ணீர்ப் பாட்டிலைப் பனியனுக்குள் செருகிக்கொண்டு, முதுகு புடைக்க மீண்டும் முன்னே ஏறி வந்து எல்லோருக்கும் கொடுப்பார்கள். தலைவரின் சக்கரம் பழுதானால் தம்முடையதைக் கொடுப்பார்கள். மலையடிவாரம் வரை இழுத்துக்கொண்டு வந்து விட்டுவிட்டுக் களைத்து ஒதுங்குவார்கள். தலைவர் தனியே ஏறி வெல்வார். படம் அவருடையது.

அவர்களுக்குப் பிரெஞ்சு மொழியில் 'தொமெஸ்தீக்' என்று பெயர். வீட்டு வேலையாள் என்று பொருள். 1911ஆம் ஆண்டு மாரிஸ் புரோக்கோ என்ற வீரர், தம் வெற்றிவாய்ப்புப் போனபின் வேறொருவருக்கு உதவ முன்வந்ததற்காக, பந்தயத்தை நடத்திய தெக்ராஞ்சு என்பவர் இகழ்ந்து சூட்டிய பெயர் அது. இகழ்ச்சி காலப்போக்கில் தேய்ந்து, இன்று அது ஒரு தொழிலின் பெயராகிவிட்டது.

இதை நான் ஒருநாள் இரவு என் துணைவியாருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கினேன் என்றால், நான் கூடத்து நாற்காலியில் இருந்தேன். அவர் அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். தட்டோடு வந்தவர் சிறிது நேரம் நின்று பார்த்தார். பாட்டில்களைச் சுமந்துகொண்டு ஒருவர் மலையேறிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்தத் தண்ணி கொண்டாந்து குடுக்கிற பிள்ளைக்குப் பரிசு உண்டா?"

பரிசுப் பணத்தைத் தலைவர் தாம் வைத்துக்கொள்ளாமல் குழுவுக்குள் பங்கிடுவது மரபு என்றேன்.

"சம்பளம்?"

உண்டு என்றேன். ஒப்பந்தம் எழுதிச் சம்பளம் கொடுப்பார்கள்.

"ரெண்டு நாள் லீவுன்னும் சொன்னீங்களே" என்றார். பிறகு, "தோசை ஆறுது, சாப்பிடுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

நண்பர்களே, அந்தத் தோசையை நான் எப்படிச் சாப்பிட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் கணக்குக் கேட்கிற தொனியில்தான் கேட்டார். கணக்கெழுதியே ஓய்வு பெற்றவன் நான். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட அந்தக் கணக்கில் வரவுப் பக்கம் முழுவதும் என் பெயரில் இருந்தது.

அதன்பின் பந்தயத்தை இருவருமாகப் பார்க்கத் தொடங்கினோம். அவருக்கு வெற்றி பெறுகிறவரிடம் ஆர்வம் இல்லை. 1934ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொன்னேன். ரெனே வியெத்தோ என்ற இருபது வயதுப் பையன், மலையேறுவதில் தலைவரையே மிஞ்சக்கூடியவன். தலைவர் அந்தோனன் மாஞின் முன்சக்கரம் உடைந்தபோது தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தான். வேறு சக்கரம் வரும்வரை சாலையோரச் சுவரில் உட்கார்ந்து அழுதான். அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. மறுநாளும் தலைவருக்கு இடர் என்று அறிந்து, முன்னே போய்க்கொண்டிருந்தவன் திரும்பி மலையேறி வந்து உதவினான். மாஞ் அவ்வாண்டு வென்றார். வியெத்தோ ஐந்தாவதாக வந்தான். கடைசிவரை அந்தப் பந்தயத்தை அவன் வெல்லவே இல்லை.

எனக்கு இதைச் சொல்லும்போதே தொண்டை அடைத்தது. துணைவியார் கேட்டுவிட்டு, "அழுததைப் படம் எடுத்தாங்க, அதனால இன்னைக்கும் பேசுறீங்க. அழாமக் குடுத்தவங்க எத்தனை பேரோ" என்றார். நான் பத்தாவது வயதில் கண்ட அந்த அம்மாள் அழவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுதிருந்தால் ஒருவேளை கவிதை எழுதியிருப்பேன். கண்ணீரைக் கண்டால்தான் நம் பேனா திறக்கிறது. பாத்திரம் கழுவுகிறவரைக் கண்டு அது திறப்பதில்லை.

2024ஆம் ஆண்டு நாங்கள் இருவரும் மகிழ்ந்த ஒரு நாளும் உண்டு. மார்க் கவெண்டிஷ் என்ற மூத்த வீரர், 34 ஓட்டங்களை வென்ற எடி மெர்க்சுக்கு இணையாக நின்றுகொண்டிருந்தார். இன்னும் ஒன்று வென்றால் முதலிடம். ஆனால் இத்தாலியில் நடந்த முதல் நாளிலேயே வெயில் தாங்காமல் வாந்தி எடுத்துப் பின்தங்கினார். குறித்த நேரத்துக்குள் முடிக்காவிட்டால் வெளியேற்றிவிடுவார்கள். அவருடைய குழுவினர் தம் ஓட்டத்தை விட்டுவிட்டு அவரைச் சூழ்ந்துகொண்டு, தலையில் தண்ணீர் ஊற்றி, எல்லைவரை கொண்டுவந்து சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் அவர் 35ஆவது வெற்றியைப் பெற்றார். உலகம் அந்த ஐந்தாம் நாளைக் கொண்டாடியது. "மொத நாள்தான் பெருசு" என்றார் துணைவியார். 2018இல் எனக்கு டைபாய்டு வந்து இருபது நாள் கிடந்ததை இருவரும் பேசவில்லை, இருவரும் நினைத்தோம்.

அவ்வாண்டு ஆகஸ்டில் பெண்களுக்கான பந்தயத்தையும் பார்த்தோம். 1984 முதல் 1989 வரை நடந்து நின்றுபோன பெண்கள் பந்தயம், 2022இல்தான் மீண்டும் வந்தது. 2024இல் எட்டு ஓட்டங்களின் முடிவில் கசியா நியெவியதோமா என்ற போலந்துப் பெண் வெறும் நான்கு வினாடியில் வென்றார். இறுதி மலையில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், துணைவியார் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார்.

அவர் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண். அங்கே 1991ஐ ஒட்டி அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது உங்களுக்குத் தெரியும். கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் கற்றார்கள். 1992 மகளிர் நாளில் 1500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். அப்போது துணைவியாரின் தங்கை கற்றுக்கொண்டாள். அதற்குள் எங்களுக்குத் திருமணமாகி, அவர் இங்கே வந்துவிட்டார். ஊருக்குப் போனபோது தங்கை ஓட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து, எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று என்னிடம் கேட்டாராம். "இந்த வயசுல எதுக்கு? எங்க போகணும்னாலும் நான் கொண்டுபோய் விடமாட்டேனா?" என்று நான் சொன்னேனாம். எனக்கு இது நினைவில்லை. அவருக்கு நாள் உட்பட நினைவிருக்கிறது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது.

'தொமெஸ்தீக்' என்பதைத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் வட்டத்து நண்பர் ஒருவரோடு ஒருமுறை வாதிட்டேன். அவர் 'ஏவலாள்' என்றார். நான் 'துணைவன்' என்றேன். துணை என்பது நல்ல சொல். இகழ்ச்சி இல்லாத சொல். மனைவியைத் துணைவி என்கிறோம். வள்ளுவரும் மனைவியைப் பற்றிய அதிகாரத்துக்கு வாழ்க்கைத் துணைநலம் என்றே பெயரிட்டார். எனினும், அச்சொல்லின் அழகிலேயே நாம் ஒன்றை மறந்துவிடக்கூடும் என்ற அச்சம் இப்போது எனக்கு இருக்கிறது. மில் சாலையில் ஒவ்வொருவரும் மற்றவருக்குத் துணையாக இருந்தோம், முறை மாறியது. ஒருவரே எப்போதும் முன்னின்று காற்றை வாங்கிக்கொண்டிருந்தால், அதற்குத் துணை என்று பெயர் வைத்துவிட்டு நாம் பின்னால் சுகமாக வந்துகொண்டிருக்கிறோம் என்பதே பொருள். என் முதல் கவிதைத் தொகுதியின் முன்னுரையில் பதினொரு பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அச்சகத்தாருக்குக்கூட. அவர் பெயர் அதில் இல்லை. கேட்டால், வீட்டில் உள்ளவருக்கு எதற்கு நன்றி என்று அப்போது சொல்லியிருப்பேன்.

சென்ற ஜூலையில் இரவுச் சமையலை நான் எடுத்துக்கொண்டேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, சொன்னால் நீங்கள் நம்பவும் மாட்டீர்கள். முதல் வாரம் உப்புமா உப்புமாவாக இல்லை. ஆறு மணிக்கு அவர் நாற்காலியில் உட்காருவார். நான் அடுக்களையிலிருந்து, "யார் முன்னே போகிறார்?" என்று கேட்பேன். முக்கியமான ஏற்றம் வரும்போதுதான் குழம்பு பொங்கும் என்பதையும் கற்றேன். ஒருநாள் அவர் கூடத்திலிருந்து, "ஏங்க, முன்னால போறவன் களைச்சிட்டான், ஆனா ஒதுங்க மாட்டேங்கிறான்" என்றார். பந்தயத்தைத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

நிறைவாக, நம் வட்டத்தைப் பற்றி. பத்தாண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட கூட்டங்கள் நடத்தியிருக்கிறோம். ஒரு மாதம் ராஜபாளையம், ஒரு மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர், ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் மலையடிவாரம். கவிதை படித்தவர்கள் பெயரெல்லாம் இம்மலரில் இருக்கிறது. ஜமுக்காளம் விரித்தவர், தபால் அட்டை எழுதிப் போட்டவர், வாடகை நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடைசியாகப் பூட்டிச் சாவியை ஒப்படைத்தவர், எத்தனையோ வீட்டு அடுக்களைகளில் சுண்டல் தாளித்து அனுப்பியவர்கள், இவர்கள் பெயர் இல்லை. நம்மில் ஒரே கவிதைகூடப் படிக்காமல் பத்தாண்டும் வந்துகொண்டிருக்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். நாற்காலிகளை எண்ணுவது அவர்தான். இப்போதும் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். ஒன்று, இம்மலரில் ஒரு பக்கம் அவர்கள் பெயருக்கு ஒதுக்கவேண்டும். இரண்டாவது சற்றுக் கடினமானது. பெயர் அச்சிடுவதோடு முறை மாறிவிடாது. வரும் ஆண்டில் எங்கள் மலையடிவாரத்தில் கூடும் கூட்டத்தில், கவிஞர்கள் ஜமுக்காளம் விரித்து, சுண்டல் தாளித்து, தேநீர் கொண்டுவரட்டும். நம் வீட்டினரும், நாற்காலி எண்ணும் நண்பரும் முன்வரிசையில் அமர்ந்து தாங்கள் விரும்பியதைப் பேசட்டும். படிக்க விரும்பினால் படிக்கட்டும். சுண்டலில் உப்பு கூடிவிட்டால் பொறுத்துக்கொள்ளும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். அன்று தாளிக்கப் போகிறவன் நான்.

என் இரண்டாவது தொகுதி விரைவில் வரவிருக்கிறது. அதில் பொட்டலில் கிண்ணத்தோடு ஓடிய அம்மாளைப் பற்றி ஒரு கவிதை இருக்கும். அது யாருக்குப் படைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் துணைவியாரிடம் இன்னும் சொல்லவில்லை. இங்கே, மூன்றாவது வரிசையில், அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.